எட்டு கெஜம்

"டீச்சர், இந்தத் துணியை உடுத்த எனக்கு உரிமை இருக்கா?"

அருணாசலம் கேட்டார். மேசையில் பொதி பிரிந்து கிடந்தது. உள்ளே கம்பளித் துணி. கரும்பச்சைக் கட்டம், இடையே மஞ்சள் கோடு, ஓரமாக மெல்லிய சிவப்பு.

சுகிர்தா துணியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"வெட்டியாச்சா?"

"இல்லை."

"அப்ப இன்னும் கேள்வி கேக்கலாம்," என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

*

கிளாஸ்கோ நகரத்தில், ஒரு சலவைக் கடையின் மாடியில், சனிக்கிழமை காலைகளில் அவள் கில்ட் தைக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

கில்ட் என்பது ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கம்பளி உடை. பாவாடை என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். சொன்னால் சண்டை வரும். முன்பக்கம் தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்காய் விழும். பின்பக்கம் முழுவதும் மடிப்பு. ஒரு ஆளைச் சுற்ற ஒன்றரை கெஜம் போதும் என்று நினைப்போம். எட்டு கெஜம் வேண்டும். மிச்சம் எல்லாம் மடிப்புக்குள் போய்விடும்.

துணியில் இருக்கும் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். குடிக்கு, அதாவது குலத்துக்கு, ஒரு டார்ட்டன். நம் ஊரில் நெற்றியைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, அங்கே இடுப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சுகிர்தா யாழ்ப்பாணத்துக்காரி. நாற்பத்திரண்டு வயது. பட்டாளத்துக்கு உடை தைக்கும் கடையொன்றில் இருபது வருடம் ஊசி பிடித்தவள். ஸ்கொட்லாந்துக்காரர்களே தங்கள் உடையைத் தைக்க அவளிடம் வந்துதான் கற்றார்கள். தையல் சரி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிழை என்றும் சொன்னதில்லை. பிழையாக இருந்தால் பேசாமல் நூலைப் பிரித்துக் கையில் கொடுப்பாள்.

அருணாசலத்துக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மனைவி போன பிறகு, ஓய்வும் வந்த பிறகு, வெறும் வீட்டில் கடிகாரத்துக்கு முகம் கொடுக்க முடியாமல் வகுப்பில் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் பதினொரு கில்ட் தைத்திருந்தார். எல்லாம் பிறருக்கு.

அவள் அவரை அண்ணை என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். குரு எத்தனை வயதில் வாய்க்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

*

தனக்கென்று ஒன்று தைக்க அவருக்கு ஆசை வந்ததற்குக் காரணம் சம்பந்தி.

மகள் நிலானிக்கு இன்னும் ஆறு வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை ரோரி, நல்ல பையன். ரோரியின் தகப்பன் ஹேமிஷ், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், அவரும் நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு வியாதி: எவன் என்ன கட்டம் உடுத்தியிருக்கிறான் என்று பார்க்காமல் அவரால் ஒரு தெருவைக் கடக்க முடியாது.

விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஆண்கள் எல்லாரும் கில்ட் உடுத்துவோம், நீங்களும் உடுத்த வேண்டும் என்றார். அருணாசலத்துக்குச் சந்தோஷம். பிறகு ஹேமிஷ் குரலைத் தாழ்த்தி, கவலைப்பட வேண்டாம், குடி இல்லாதவர்களுக்கென்றே பொதுவாக ஒரு டார்ட்டன் இருக்கிறது, அதை உடுத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார்.

நல்ல மனதோடு சொன்னதுதான். நல்ல மனதோடு குத்தினாலும் ஊசி ஊசிதான்.

குடி இல்லாதவர். அன்றைக்குப் பிறகு அருணாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போகும்போது, இருநூறு பேர் தன் இடுப்பைப் பார்த்து, இவனுக்கு ஒன்றுமில்லை என்று படித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு அவரை அரித்தது.

ஆனால் அவருக்கு ஒன்று இருந்தது. யாருக்கும் சொல்லாத ஒன்று.

*

அடுத்த சனிக்கிழமை அதை டீச்சருக்குச் சொன்னார். தன் அம்மம்மாவின் தகப்பன் வெள்ளைக்காரன். மக்கார்டன் என்று பெயர். இலங்கை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத் துரையாக இருந்தவர்.

வாய்ச்சொல் மட்டுமில்லை. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பி மரபணுவைச் சோதித்தும் ஆயிற்று. கனடாவில் இரண்டு மக்கார்டன்கள் அவருக்குச் சொந்தம் என்று பதில் வந்தது. மக்கார்டன் குடிச் சங்கத்துக்கு எழுதினார். அவர்களும் உலகெங்கும் உள்ள பிள்ளைகளை வரவேற்கிறோம் என்று எழுதினார்கள். காகிதங்களை வரிசையாக மேசையில் அடுக்கினார்.

"சட்டம் எண்டு ஒண்டும் இல்லை அண்ணை," என்றாள் சுகிர்தா. "ஆரும் எதையும் உடுத்தலாம். விரும்பினா பூனைக்கும் கட்டி விடலாம்."

பூனைக்கும் உள்ள உரிமை அவருக்குத் தேவைப்படவில்லை.

"சட்டத்தைக் கேக்கேல்லை டீச்சர். இது என்ர இரத்தம். இது என்ர துணியா இல்லையா?"

அவள் காகிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்தாள். சோதனைக் காகிதம்.

"எத்தினை பங்கு?"

"எட்டில ஒண்டு."

"துணி எவ்வளவு வாங்கினியள்?"

"எட்டு கெஜம்."

அவள் துணியை விரித்தாள். அளவுநாடாவை வைத்தாள். கட்டம் முடியும் இடம் பார்த்துச் சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

வகுப்பில் ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன. கத்தரிக்கோல் துணிக்குள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அருணாசலம் தடுக்கக் கை நீட்டினார், அதற்குள் பாதி வெட்டியாகிவிட்டது. 

ஒரு கெஜம் தனியாக வந்தது. மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது உங்கட மக்கார்டன். மிச்சம் ஏழு கெஜம் என்னட்டை இருக்கட்டும். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து எடுங்கோ."

"எந்த ஆக்களை?"

"பூட்டன் பூட்டி எண்டு ஒவ்வொருத்தருக்கும் எட்டுப் பேர். உங்களுக்கு ஒராள்தானே வந்திருக்கிறார்."

*

வீட்டுக்கு வந்து அருணாசலம் அந்த ஒரு கெஜத்தை இடுப்பில் சுற்றிப் பார்த்தார்.

அவர் இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம். துணி முப்பத்தாறு.

முன்பக்கம் மூடியது. கண்ணாடியில் பார்த்தார். துரை மாதிரித்தான் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு திரும்பிப் பின்பக்கம் பார்த்தார்.

பார்த்துவிட்டு, வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தார்.

*

இனி இதையும் சொல்லிவிட வேண்டும்.

அருணாசலம் தன்னைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கதை சொல்லி வைத்திருந்தார். கண்டி டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். யாழ்ப்பாணத்து மனைவிக்கும் அதையே சொன்னார். அவள் சாகும்வரை நம்பினாள். மகளுக்கும் அதுவே.

கடையும் இல்லை, கண்டியும் இல்லை. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். லயம் என்றால் கூலிக்காரருக்கு என்று துரைமார் கட்டிய வரிசை வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு, அடுத்த அறையில் அடுத்த குடும்பம். தகப்பன் கவ்வாத்து வெட்டினார், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்து மட்டமாக்கினார். தாய் கொழுந்து பறித்தாள். அவர்களைப் பெற்றவர்களும் அதே.

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் நடுவில் ஒருவன், தோட்டத்து ஆட்களை இழிவாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லால் யாரையோ சொல்லிச் சிரித்தான். அருணாசலமும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குத்தான் கடை திறந்தார். அவர்கள் தமிழையே பேசப் பழகிக்கொண்டார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் வெட்கம். லயத்தில் பிறந்ததும் வெட்கம். வெட்கப்பட்டதும் வெட்கம். இத்தனைக்கும் நடுவில் வெளியே எடுத்துக் காட்டக்கூடிய ஒரே பொருளாக அந்தத் துரைதான் அவருக்கு இருந்தார்.

*

மூன்றாம் சனிக்கிழமை ஏழு பெயர்களோடு போனார்.

"சாமிநாதபிள்ளை. கடையைத் தொடங்கினவர் அவர்தான். மற்றது விசாலாட்சி, அவற்ற மனுசி. பிறகு..."

ஏழும் சொல்லி முடித்தார். நல்ல பெயர்கள். ஒன்றில் கூடச் சேறு இல்லை.

சுகிர்தா பொறுமையாகக் கேட்டாள்.

"இவை கோபம் வந்தா எப்பிடி ஏசுவினம் அண்ணை?"

"ஆ?"

"சாமிநாதபிள்ளை. கோபம் வந்தா என்ன சொல்லி ஏசுவார்?"

அருணாசலம் வாயைத் திறந்தார். மூடினார். சாமிநாதபிள்ளைக்கு வாயே இல்லை.

சுகிர்தா திரும்பினாள். பக்கத்து மேசையில் யாரோ கோணலாகத் தைத்திருந்த மடிப்பை எடுத்து, நூலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

*

அவருடைய தாய் பவளம் இன்னும் இருந்தாள். எண்பத்து மூன்று வயது. அருணாசலத்தின் தம்பியோடு அதே தோட்டத்தில். ஞாயிறு தோறும் அவர் போனில் கூப்பிடுவார். மருந்து, மழை, சாப்பாடு, அவ்வளவுதான் பேச்சு. அந்த ஞாயிறு பூட்டன் பூட்டி பெயர்களைக் கேட்டார்.

"அறுபது வயசுல இப்பத்தான் ஞாபகம் வந்திச்சாக்கும்," என்றாள் பவளம்.

ஆனாலும் சொன்னாள். ஒரே நாளில் வரவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். அவளோடு நீளமாகப் பேசப் பேச அவர் வாயில் பழைய தமிழ் தானாக வந்தது. முப்பத்தைந்து வருடம் பூட்டி வைத்த தமிழ், துருப்பிடிக்காமல்தான் இருந்தது.

தகப்பன் வழியில் பழனியாண்டி. அவருக்குக் கோபம் வந்தால் ஏச மாட்டாராம். சாப்பிட மாட்டாராம். அதனால் ஏச்செல்லாம் அவர் பெண்சாதி சடச்சியின் பங்கு. 'ஓன் வாயில மண்ணு விழ' என்று தொடங்கினாள் என்றால் மூன்று லயத்துக்கும் கேட்குமாம். வேலு, ஆளை நேரே ஏசாமல் ஆளின் மாட்டைக் கூப்பிட்டு ஏசுவார். அங்கம்மாவைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. மாரியம்மன் கரகம் தூக்கினவள், பாம்புக்குப் பயப்படாதவள் என்று மட்டும்.

தாய் வழியில் மாடசாமி. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கப்பலேற வரும் வழியிலேயே அவர் பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. சாலையோரத்தில் புதைத்துவிட்டு, பிள்ளையைத் துண்டில் கட்டிக்கொண்டு அவர் கப்பலேறினார். அதற்குப் பிறகு மாடசாமி யாரையும் ஏசவில்லை. யாராவது குரலை உயர்த்தினாலே எழுந்து போய்விடுவார்.

"அந்தம்மா பேரு என்னம்மா?"

"தெரியாதுப்பா. யாருக்கும் தெரியாது. எங்கப்பாவுக்கே தெரியாது. கேட்டா மாடசாமித் தாத்தா எந்திரிச்சுப் போயிருவாராம்."

கடைசியில் மூக்காயி. துரை பங்களாவில் பாத்திரம் கழுவியவள். துரைக்குப் பிள்ளை பெற்றவள். அவளுக்குக் கோபம் வந்தால் இங்கிலீசில்தான் ஏசுவாளாம். அர்த்தம் தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாளாம்.

"தொர எப்புடிம்மா?"



"குதிர வெச்சிருந்தாரு. எங்கம்மாவுக்கு ரெண்டு வயசா இருக்கையில சீமைக்குப் போயிட்டாரு. அப்புறம் ஒரு தாளுகூட இல்ல."

"மூக்காயிப் பாட்டி அவரப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

"நல்லவருன்னும் சொல்ல மாட்டாங்க, கெட்டவருன்னும் சொல்ல மாட்டாங்க. கேட்டா அடுப்புல வெறகத் தள்ளி விடுவாங்க."

போனை வைத்த பிறகு அருணாசலம் அழுதார். யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூக்காயிக்காக இருக்கலாம். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தானே ஒருவன், அந்த அருணாசலத்துக்காகவும் இருக்கலாம்.

*

நான்காம் சனிக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

"கடை இல்லைங்க டீச்சர்," என்றார்.

"தெரியும்."

"எப்பலருந்து தெரியும்?"

"விரல்ல ஊசி குத்தினா நீங்கள் எங்கட தமிழில கத்திறேல்லை அண்ணை."

இரண்டு வருடம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஏழு கெஜத்தையும் மேசையில் நீளமாக விரித்தாள். சோக்கட்டியை எடுத்தாள். சொல்லுங்கோ என்றாள்.

அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவள் கெஜத்துக்குக் கெஜம் ஒரு சின்னக் கோடு போட்டாள். இந்த முறை கேட்காமலே எப்படி ஏசுவார்கள் என்றும் சொன்னார். வேலுவின் மாட்டைக் கேட்டபோது சுகிர்தா சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆறு ஆயிற்று.

"ஏழாவது ஆளுக்குப் பேரு இல்லைங்க," என்று அந்தச் சாலையோரத்துக் கதையைச் சொன்னார்.

சோக்கட்டி நடுவில் நின்றது.

"எங்கட வீட்டில கிணத்தடி வேலைக்கு ஒரு மனுசி நிண்டவ," என்றாள் சுகிர்தா. "மலைநாட்டு ஆள். பதினொரு வருசம். எனக்குத் தலைவாரி இழுக்கிறதே அவதான்."

"பேரு?"

"நாங்கள் 'இஞ்சை வா' எண்டுதான் கூப்பிட்டது."

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லலாமா என்று அருணாசலம் யோசித்தார். சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்ல அவர் யார்? அவரும்தான் சிரித்திருந்தார்.

சற்றுப் பொறுத்து அவள் ஏழாவது கோட்டையும் போட்டாள்.

*

"இனி உங்கட விருப்பம்," என்றாள். "துணி மாத்திறதெண்டாலும் மாத்தலாம். மூண்டு கிழமை இருக்கு. பிடிச்ச கட்டம் ஒண்டு எடுங்கோ. ஆரும் கேக்க மாட்டினம்."

அருணாசலம் பச்சைத் துணியைத் தடவிப் பார்த்தார். துரையின் துணி. ஒரு தாள்கூட எழுதாத துரை. இப்போது வேண்டாம் என்று தள்ளிவிடச் சுலபமாக இருந்தது. மனதுக்கு இதமாகவும் இருந்தது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இதே இருக்கட்டுங்க," என்றார்.

"ஏன்?"

"முன்னாடி ஒருத்தர்னு சொன்னேன். இப்ப ஏழுன்னு சொன்னா அதுவும் பொய்தானுங்களே."

அவள் தலையாட்டினாள். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கெஜத்தை வாங்கினாள். கட்டத்தோடு கட்டம் சேர்த்துத் தைத்து, தையலை ஒரு மடிப்புக்குள் விட்டுவிட்டால், நெய்தவனுக்கே கண்டுபிடிக்க முடியாது. எல்லா கில்ட்டிலும் எங்கோ ஒரு ஒட்டு உண்டு. தைப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

"எந்தப் பக்கம் ஒட்டிறது? இந்த நுனியில ஒட்டினா மக்கார்டன் முன்னுக்கு வருவார். எல்லாரும் பாக்கிற இடம். அந்த நுனியில ஒட்டினா உள்ளுக்குப் போவார். முன்துணிக்குக் கீழ. தெரியாது."

"உள்ளுக்கே இருக்கட்டும்."

"மூக்காயிக்குப் பக்கத்தில விடட்டோ?"

 கீழே சலவை இயந்திரம் ஒன்று சுற்றி முடிந்து நின்றது.

"வேணாங்க. நடுவுல ரெண்டு பேரு இருக்கட்டும்."

அவள் சோக்குக் கோடுகளை எண்ணி, மூக்காயியைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப முன்னுக்கு ஆர்?"

அருணாசலம் விரலை வைத்தார். பெயர் இல்லாத கோட்டின் மேல்.

சுகிர்தா அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஊசியில் நூல் கோர்த்து அவரிடம் நீட்டினாள். இரண்டு வருடத்தில் அவள் யாருக்கும் நூல் கோர்த்துக் கொடுத்ததை அவர் பார்த்ததில்லை.

*

மூன்று வாரம் தைத்தார். கில்ட்டை இயந்திரத்தில் தைக்கக்கூடாது, கையால்தான் தைக்க வேண்டும். இருபத்தேழு மடிப்பு. சனிக்கிழமை மட்டும் போதாது என்று நாள் தோறும் போனார். ஊசி குத்தினால் 'ஐயோ ஆத்தா' என்று தாராளமாகக் கத்தினார். சுகிர்தா இரண்டு முறை நூலைப் பிரித்துக் கொடுத்தாள். மூன்றாம் முறை கொடுக்கவில்லை.

கில்ட்டின் நீளத்தைப் பார்க்க உடுத்தவரை முழங்காலில் நிற்க வைப்பார்கள். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அவர் முழங்காலில் நின்றார். அவளும் முழங்காலில் நின்று பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

நடுவில் ஒரு நாள் நிலானிக்கு எல்லாவற்றையும் சொன்னார். கடை இல்லை என்றதும் அவளுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. லயத்துக்காக இல்லை, தன் தாய்க்குக் கடைசிவரை பொய் சொன்னதற்காக. அந்தக் கோபம் நியாயம் என்று அவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் அவளே அப்பம்மாவை அழைத்து ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு வந்து, கல்யாணத்துக்கு முதல் நாள் வரை தனக்குச் சடச்சியைப் போல ஏசப் பழக்கித் தரும்படி கேட்டாள்.

*

கல்யாணத்தன்று மழை இல்லை. ஸ்கொட்லாந்தில் அதுவே ஒரு சீர்வரிசை.

கோயில் வாசலில் பேக்பைப் வாத்தியக்காரன் அதன் தோல்பையை ஊதி நிரப்பிக்கொண்டிருந்தான். நிலானி காரில் இருந்து இறங்கவில்லை, யாரோ அவள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். அருணாசலம் படியில் நின்றார். எட்டு கெஜமும் இடுப்பில் கனத்தது. சற்றுத் தள்ளி, விருந்தாளிகள் நடுவில், சுகிர்தா பட்டுச் சேலையில் நின்றாள். பின்பக்கத்து மடிப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி.

ஹேமிஷ் வந்தார். கைகுலுக்குவதற்கு முன்பே கண் கீழே போயிற்று. பச்சையைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். ஓரத்துச் சிவப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மக்கார்டன்!"

அருணாசலம் தலையசைத்தார்.

ஹேமிஷ் நிலைகொள்ளாமல், உலகம் எவ்வளவு சிறியது, எந்த வழியில், எந்தக் கிளை, அன்றைக்கு விருந்தில் ஏன் சொல்லவில்லை என்று அடுக்கினார். குடி இல்லாதவர்களின் துணியைப் பற்றித் தான் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பிறகு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அப்படியென்றால் நீங்கள் மக்கார்டன்களில் ஒருவர்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் எச்சில் துப்பி அனுப்பினார். இதற்காகத்தான் சங்கத்துக்கு எழுதினார், துணி வாங்கினார். இதோ, கேட்காமலே கிடைத்துவிட்டது. நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

கார்க் கதவு திறந்தது. நிலானி இறங்கினாள்.

"இல்லை," என்றார் அருணாசலம். "மக்கார்டன் எங்களில் ஒருவர்."